வரி இல்லை, எல்லை உண்டு: பிரெக்சிட் விளைவுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2020 டிசம்பர் 24. ஐரோப்பிய ஒன்றியத்துடன் வர்த்தக ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் அறிவித்தார். இரண்டு பக்கமும் சுங்க வரி கிடையாது, இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற அளவுக் கட்டுப்பாடு கிடையாது, வரியைத் தவிர்த்த வேறு தடைகளும் இருக்காது என்றார். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையில்லை என்பது அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்த ஆவணத்துக்கான சட்டத்தை நாடாளுமன்றம் டிசம்பர் 30 அன்று ஒரே நாளில் நிறைவேற்றியது. எத்தனை உறுப்பினர்கள் அதை முழுசாகப் படித்திருப்பார்கள் என்பது அவரவர் ஊகம். மறுநாள் இரவோடு ஐரோப்பாவுடனான பழைய வர்த்தக முறை முடிந்தது.

பிரெக்சிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது, அதைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி லண்டன் அரசியல் நாடகம்தான்: யார் யாரைக் கவிழ்த்தார்கள், எந்த வாக்கெடுப்பில் யார் தோற்றார்கள் என்று. சுவாரசியமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் விளைவைத் தேட வேண்டிய இடம் இங்கிலாந்தின் டோவர், வட அயர்லாந்தின் லார்ன் போன்ற துறைமுகங்கள். பிரிட்டன் இழந்ததில் பெரும்பங்கு வரியால் போகவில்லை, படிவங்களால் போனது. அந்தப் படிவச் செலவைத் தாங்க முடிந்த பெரிய கம்பெனிகள் தாங்கிக்கொண்டன. சின்னக் கம்பெனிகள் சத்தமில்லாமல் ஐரோப்பாவுக்கு விற்பதை நிறுத்தின. நாடே கவிழும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னதும் நடக்கவில்லை, ஒன்றுமே ஆகாது என்றவர்கள் சொன்னதும் நடக்கவில்லை.

உள்ளே இருந்தபோது என்ன இருந்தது

பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அதற்கு முன் 1963இலும் 1967இலும் பிரெஞ்சு அதிபர் டி கால் அதை உள்ளே விடவில்லை. 1975இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள். பிற்பாடு 'ஒற்றைச் சந்தை' என்ற ஏற்பாட்டுக்கு முன்நின்று உழைத்தவர்களில் கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் ஒருவர். எந்தக் கட்சி அதைக் கட்டத் துணைநின்றதோ அதே கன்சர்வேட்டிவ் கட்சிதான் பிறகு அதை விட்டு வெளியே வந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுங்க ஒன்றியம் என்பது உறுப்பு நாடுகளுக்குள் வரி இல்லை, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி என்ற ஏற்பாடு. ஒற்றைச் சந்தை என்பது விதிகள் ஒன்று என்ற ஏற்பாடு. ஒரு நாட்டில் விற்கத் தகுதி பெற்ற சீஸோ பொம்மையோ மருந்தோ மற்ற நாடுகளிலும் மறுபரிசோதனை இல்லாமல் விற்கலாம். ஆட்கள் போய் வேலை செய்யலாம், வங்கி கிளை திறக்கலாம்.

நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால் ஸ்வீடன் எல்லையில் சுங்கச் சாவடி உண்டு. துருக்கி தொழிற்சாலைப் பொருள்களுக்கு மட்டும் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. பல்கேரிய எல்லையில் அதன் லாரிகள் வரிசையில் நிற்பது வழக்கமான காட்சி. பிரிட்டன் இரண்டையும் விட்டது. எனவே இரண்டு வகைப் படிவமும் வந்து சேர்ந்தன. வரி பூஜ்யம் என்றாலும், 'இந்தப் பொருள் பிரிட்டனில்தான் உருவானது, அதனால் எனக்கு வரி பூஜ்யம்' என்று நிரூபிக்கவே ஒரு சான்று தேவை.

இதைக் கூட்டுக்குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் போன கதையாகச் சொல்வது நம்மூர் வழக்கம். உவமை பொருந்தவில்லை. தனிக்குடித்தனம் போனவர் அனுப்பும் மீன்குழம்புக்கு மாமியார் வீட்டில் கால்நடை மருத்துவர் கையெழுத்து கேட்க மாட்டார்கள்.

ஒரே கேள்வி, பல பதில்கள்

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்சிக்குள் இருந்த ஐரோப்பிய எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் 2013 ஜனவரியில் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக வாக்களித்தார். 2016 ஜூன் 23 அன்று அது நடந்தது. வெளியேறுவோம் 51.9 சதவீதம், இருப்போம் 48.1 சதவீதம். ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதமும் இருப்போம் என்றே வாக்களித்தன. அன்றிரவே 1.50 டாலர் அளவில் இருந்த பவுண்ட் 1.33க்கும் கீழே விழுந்தது. 1985க்குப் பிறகு காணாத மட்டம். கேமரூன் காலையில் ராஜினாமாவை அறிவித்தார்.

வாக்குச்சீட்டில் இருந்தது ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்ற கேள்வி மட்டும்தான். வெளியேறி எங்கே போவது என்று அதில் இல்லை. வெளியேறுவோம் தரப்பின் பிரச்சாரப் பேருந்தில், வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்குப் போகிறது, அதை மருத்துவச் சேவைக்குத் தருவோம் என்று எழுதியிருந்தது. பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியையும் ஒன்றியத்திலிருந்து திரும்பி வருவதையும் கழித்தால் அதில் பாதிகூடத் தேறாது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே அந்த எண் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று கண்டித்தது. எண்ணை விட அதன் பின்னாலிருந்த நினைப்புதான் பெரிய தவறு என்பேன். ஒன்றியம் என்றால் சந்தா கட்டும் கிளப், சந்தாவை நிறுத்தினால் பணம் மிச்சம் என்று பலர் எண்ணினார்கள். அந்தச் சந்தாவை விட, எல்லையில் யாரும் லாரியை நிறுத்தாமல் இருந்ததன் மதிப்பு பல மடங்கு அதிகம்.

அடுத்து வந்த தெரசா மே, 2017 ஜனவரியில் லங்காஸ்டர் ஹவுஸ் உரையில் பாதையைத் தீர்மானித்தார்: ஒற்றைச் சந்தையும் வேண்டாம், சுங்க ஒன்றியத்தில் முழு உறுப்பினராகவும் இருக்க மாட்டோம், ஐரோப்பிய நீதிமன்றத்தின் அதிகாரமும் வேண்டாம். ஒன்றியத்தின் தரப்பில் பேசிய மிஷேல் பார்னியர் அந்த ஆண்டு இறுதியில் ஒரு படிக்கட்டுப் படம் காட்டினார். பிரிட்டன் போட்ட ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும், அதாவது விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற நிபந்தனைக்கும், ஒரு படி கீழே. மேலே நார்வே, நடுவில் துருக்கி, கீழே கனடாவும் தென்கொரியாவும். கடைசியில் பிரிட்டன் போய் நின்றது கனடா நின்ற படியில். கனடா அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டோவரிலிருந்து பிரான்ஸின் கலே சுமார் 40 கிலோமீட்டர்.

மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று தோற்றது. பிரிட்டன் வரலாற்றில் எந்த அரசும் அப்படி ஒரு தோல்வியைச் சந்தித்ததில்லை. பிறகு ஜான்சன் வந்தார், தேர்தலில் 80 இடப் பெரும்பான்மை பெற்றார், 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியது. அந்த ஆண்டு முழுக்க இடைமாற்றக் காலம் என்பதால் எதுவும் மாறவில்லை. எல்லை உண்மையில் முளைத்தது 2021 ஜனவரி 1 அன்று.

இதற்கு முன் ஒரு நாடு வெளியேறிய அனுபவம் இருந்ததா? கிட்டத்தட்ட ஒன்று இருந்தது. டென்மார்க்கோடு சேர்ந்து உள்ளே போன கிரீன்லாந்து, தன்னாட்சி பெற்றபின் 1982இல் வாக்கெடுப்பு நடத்தி, 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. மக்கள் தொகை 50,000 சொச்சம். பேசித் தீர்க்க வேண்டிய முக்கிய விஷயம் மீன். அதற்கே மூன்று ஆண்டுகள் ஆயின.

மீன் பெட்டியின் பயணம்

ஸ்காட்லாந்தின் வடக்கே பிடிக்கிற இறாலும் நண்டும் முன்பெல்லாம் மறுநாளே பிரான்ஸின் பூலோன் சந்தைக்குப் போய்விடும். லாரி கிளம்பும், கடல் தாண்டும், இறங்கும். நடுவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

2021 ஜனவரியில் அதே பெட்டிக்கு, எங்கே எந்தப் படகு பிடித்தது என்ற சான்றிதழ், கால்நடை மருத்துவரோ உள்ளாட்சி அதிகாரியோ கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ், ஏற்றுமதிச் சுங்க அறிக்கை, அந்தப் பக்கம் இறக்குமதி அறிக்கை எல்லாம் வேண்டியிருந்தது. பெரிய கம்பெனி ஒரு லாரி நிறைய ஒரே சரக்கை அனுப்பினால் இது ஒரு செட் படிவம். சின்ன வியாபாரிகள் அப்படி அனுப்புவதில்லை. பத்துப் பேர் சரக்கு ஒரே லாரியில் போகும். பத்தில் ஒருவருடைய படிவத்தில் ஒரு பிழை இருந்தால் முழு லாரியும் நிற்கும். மீன் காத்திருக்காது. தொடக்கத்திலேயே குழப்பம் முற்றி, இப்படிக் கூட்டாக ஏற்றுகிற சேவையைச் சரக்கு நிறுவனம் கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்தது. ஜனவரி 18 அன்று கடலுணவு லாரிகள் நாடாளுமன்றத்தைச் சுற்றி வந்து போராட்டம் நடத்தின. அதற்குச் சில நாள் முன்பு, சபையில் மீனவர் நிலைமை பற்றிக் கேட்டபோது அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக், இப்போது அவை பிரிட்டிஷ் மீன்கள், அதனால் மகிழ்ச்சியாக இருக்கின்றன என்ற பொருளில் பதில் சொன்னார். மீன்களின் மனநிலை தெரியாது. மீனவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை.

உயிருள்ள சிப்பி வகைகளின் கதை இன்னும் மோசம். பிரிட்டனின் பல கடற்பகுதிகளில் எடுக்கிற சிப்பியைச் சுத்திகரித்த பிறகே சாப்பிட முடியும். முன்பு அதை அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்பி அங்கே சுத்திகரிப்பார்கள். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து சுத்திகரிக்காத சிப்பியை அனுமதிப்பதில்லை என்பது ஏற்கனவே இருந்த விதி. பிரிட்டன் உள்ளே இருந்தபோது அதுவும் சேர்ந்து வைத்திருந்த விதிதான். இப்போது அது தன் மேலேயே விழுந்தது. தண்ணீர் மாறவில்லை, சிப்பி மாறவில்லை.

இதே போன்ற விதி ஒன்றின் வேடிக்கையான முகம் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் தெரிந்தது. பிரிட்டனிலிருந்து வந்த ஓட்டுநர்களின் ஹாம் சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த காட்சி டச்சுத் தொலைக்காட்சியில் வந்தது. வெளிநாட்டிலிருந்து இறைச்சி கொண்டுவரக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

ஐரோப்பிய ஒன்றியம் முதல் நாளிலிருந்தே முழுச் சோதனையைத் தொடங்கியது. பிரிட்டனோ தன் பக்கச் சோதனையைத் தள்ளிப்போட்டது. மறுபடி தள்ளியது. இப்படி ஐந்து முறை. 2022 ஏப்ரலில் தள்ளிப்போட்டபோது, இந்தச் சோதனைகளைக் கொண்டுவருவது நமக்கு நாமே தீங்கு செய்துகொள்வதாகும் என்று காரணம் சொன்னவர், 'பிரெக்சிட் வாய்ப்புகள்' துறைக்கே அமைச்சராகியிருந்த அதே ரீஸ்-மாக். கடைசியில் 2024இல்தான் உணவு, தாவர இறக்குமதிக்கான சோதனைகள் படிப்படியாகத் தொடங்கின. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் பிரெஞ்சு சீஸ் தயாரிப்பாளர் லண்டனுக்கு ஏறக்குறைய பழையபடியே அனுப்பினார். ஆங்கிலேய சீஸ் தயாரிப்பாளர் பாரீசுக்கு அனுப்ப ஒவ்வொரு சரக்குக்கும் சான்றிதழ் வாங்கினார். எல்லையை மீட்டதாகச் சொன்ன நாடு, அந்த எல்லையில் தன் சொந்த வியாபாரிகளுக்கு மட்டும் பாரம் வைத்தது. இந்த ஆய்வில் எனக்கு இன்றுவரை விளங்காத பகுதி இதுதான்.

லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் நிறுவன வாரியான சுங்கத் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். 16,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டன, அவற்றில் பெரும்பாலும் சிறியவை என்று தெரிந்தது. மிகப் பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு அவ்வளவாக அடி இல்லை. அதனால்தான் மொத்த ஏற்றுமதி எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுகிறது.

பார்வைக்குத் தெரியாத நான்கு சதவீதம்

பிரிட்டனின் அதிகாரப்பூர்வ வரவுசெலவுக் கணிப்பு அமைப்பு, உள்ளேயே இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்றும், ஏற்றுமதி இறக்குமதி இரண்டும் 15 சதவீதம் குறையும் என்றும் கணிக்கிறது. இதில் சிக்கல், 'இருந்திருந்தால்' என்ற சொல். நடக்காத ஒன்றோடு ஒப்பிடுவதால், 100 பவுண்டாக இருக்க வேண்டியது மெதுமெதுவாக 96 ஆவதை யாரும் தன் பர்ஸில் பார்ப்பதில்லை.

தவிர, 2021 ஜனவரி எப்படிப்பட்ட ஜனவரி? கோவிட் இரண்டாம் அலை. அதற்குச் சில நாள் முன்புதான் புது வகைக் கிருமி பரவுகிறது என்று பிரான்ஸ் எல்லையை மூடி, ஆயிரக்கணக்கான லாரிகள் கெண்ட் மாவட்டத்தில் தேங்கி நின்றன. அடுத்த ஆண்டு உக்ரைன் போர், எரிவாயு விலை. எது நோய், எது போர், எது பிரெக்சிட் என்று பிரிப்பது பொருளாதார அறிஞர்களுக்கே கஷ்டம். அரசியல்வாதிகளுக்கு அது வசதி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016 மே மாதம் பிரிட்டன் நிதியமைச்சகம், வெளியேற வாக்களித்தாலே உடனடி மந்தம் வரும், 5 லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்றது. அப்படி நடக்கவில்லை. லண்டன் நிதி நகரம் காலியாகவும் இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை ஆம்ஸ்டர்டாமுக்கும், வங்கி ஆணையம் பாரீசுக்கும் போயின. 2021 ஜனவரியில் பங்கு வர்த்தக அளவில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது. ஆனால் கணித்த அளவுக்கு வங்கி வேலைகள் போகவில்லை. கணக்கியல், சட்டம், ஆலோசனை, மென்பொருள் போன்ற சேவை ஏற்றுமதி எதிர்பார்த்ததை விட நன்றாகவே வளர்ந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லண்டனில் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிற அறிக்கைக்கு யாரும் கால்நடை மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை. அடிபட்டது முதலீடுதான். வாக்கெடுப்புக்குப் பின் ஆண்டுக்கணக்கில் தொழில் முதலீடு நகராமல் நின்றது. விதி என்னவாகும் என்று தெரியாத இடத்தில் யார் தொழிற்சாலை கட்டுவார்கள்?

அயர்லாந்து: மூன்றில் இரண்டுதான்

அயர்லாந்துத் தீவின் வடகிழக்கு மூலை பிரிட்டனைச் சேர்ந்தது, மீதி ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள தனி நாடு. நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. வயல்களுக்கு நடுவேகூட அது ஓடுகிறது. 1998 பெரிய வெள்ளி அமைதி ஒப்பந்தத்துக்கு முன் முப்பது ஆண்டு வன்முறையில் சுமார் 3,500 பேர் செத்த இடம். அமைதி வந்ததும் ராணுவச் சாவடிகள் போயின. சுங்கச் சாவடிகளோ ஒற்றைச் சந்தையால் 1993இலேயே போயிருந்தன. மக்கள் எல்லையை மறந்தார்கள்.

பிரிட்டன் மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் வேண்டும் என்றது. ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட வேண்டும். தீவுக்குள் எல்லைச் சாவடி வரக்கூடாது. வட அயர்லாந்துக்கும் மீதி பிரிட்டனுக்கும் நடுவேயும் எல்லை வரக்கூடாது. மூன்றில் எதையாவது இரண்டை வைத்துக்கொள்ளலாம், மூன்றையும் முடியாது. வாக்கெடுப்புப் பிரச்சாரத்தில் இதைப் பற்றி இங்கிலாந்தில் பேசியவர்கள் மிகக் குறைவு. பேசியவர்களை யாரும் கேட்கவில்லை.

தெரசா மே முதலாவது நிபந்தனையை விட்டுக்கொடுத்து, வேறு வழி கிடைக்கும்வரை முழு பிரிட்டனும் சுங்க ஏற்பாட்டில் இருக்கலாம் என்றார். அவர் கட்சியே அவரைத் தோற்கடித்தது. ஜான்சன் மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். ஐரிஷ் கடலின் நடுவில் எல்லை போனது. 2018 நவம்பரில் பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பும் வட அயர்லாந்தின் டியுபி கட்சி மாநாட்டுக்கே போய், அப்படி ஓர் ஏற்பாட்டில் எந்த கன்சர்வேட்டிவ் அரசும் கையெழுத்திட முடியாது என்று பேசியவரும் அவரே. ஓராண்டு கழித்துத் தானே அதற்கு ஒப்புக்கொண்ட பின்னும், படிவம் நிரப்பச் சொன்னால் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று அங்கிருந்த வியாபாரிகளிடம் சொன்னார்.

குப்பைத்தொட்டியில் போட முடியவில்லை. லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு, அதாவது ஒரே நாட்டுக்குள், போகும் சரக்குக்கு அறிக்கை தேவைப்பட்டது. குளிரூட்டிய இறைச்சியை ஒன்றியத்துக்குள் அனுப்பத் தடை என்பதால் ஆங்கிலேய சாசேஜ் பெல்ஃபாஸ்ட் கடையில் விற்க முடியுமா என்பது 2021இல் சர்வதேசப் பிரச்சினையானது. பிரிட்டிஷ் மண் ஒட்டிய செடித்தொட்டி போக முடியாமல் நர்சரிகள் திண்டாடின. கடைசியில் லண்டன் தானாகவே சலுகைக் காலத்தை நீட்டியது, ஒன்றியம் வழக்கு என்றது. இதற்கிடையே 2021 ஜனவரி இறுதியில், தடுப்பூசி ஏற்றுமதிச் சண்டையில் ஐரோப்பிய ஆணையம் இந்த ஏற்பாட்டின் அவசரப் பிரிவைப் பயன்படுத்தப் பார்த்து, சில மணி நேரத்தில் பின்வாங்கியது. எல்லையின் அருமை பற்றி நான்கு ஆண்டுகள் பாடம் எடுத்தவர்கள் செய்த காரியம் அது.

பிரிட்டனோடு ஒட்டியிருக்க விரும்பும் யூனியனிஸ்ட்டுகளுக்கு இது வெறும் படிவப் பிரச்சினை இல்லை. தங்களை நாட்டிலிருந்து வெட்டி எடுத்ததாக உணர்ந்தார்கள். 2022 பிப்ரவரியில் டியுபியைச் சேர்ந்த முதலமைச்சர் ராஜினாமா செய்தார், ஆட்சி முடங்கியது. இரண்டு ஆண்டுகள் பெல்ஃபாஸ்ட்டில் அரசே இல்லை. 2023 பிப்ரவரி 27 அன்று பிரதமர் ரிஷி சுனக் ஒன்றியத்துடன் விண்ட்சர் உடன்பாடு செய்தார்: வட அயர்லாந்திலேயே நிற்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, அயர்லாந்துக் குடியரசுக்குள் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை. கடைகளில் பால், இறைச்சிப் பாக்கெட்டுகளில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்ற சீட்டு. 2024 பிப்ரவரியில் சபை மீண்டும் கூடியபோது, அயர்லாந்து இணைய வேண்டும் என்கிற சின் ஃபெய்ன் கட்சியின் மிஷெல் ஓநீல் முதலமைச்சரானார். அந்தப் பதவியில் ஓர் ஐரிஷ் தேசியவாதி உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

குடியரசுப் பக்கம் ஒரு மாற்றம் அமைதியாக நடந்தது. அயர்லாந்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் லாரிகள் காலம் காலமாக பிரிட்டன் வழியாகத்தான் போகும், அதுதான் வேகம். 2021 ஜனவரியில் அயர்லாந்தின் ரோஸ்லேர் துறைமுகத்திலிருந்து பிரான்ஸின் டன்கிர்க்குக்கு நேரடிக் கப்பல் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு நாள் கடற்பயணம். நேரம் கூட, ஆனால் படிவம் இல்லை. லாரிக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வேல்ஸின் துறைமுகங்கள் அந்தப் போக்குவரத்தை இழந்தன.

ஆட்கள் வருவதும் போவதும்

வெளியேற வாக்களித்த பலருக்கு முதல் காரணம் குடியேற்றம். விளைவோ தலைகீழ். 2016இல் 3 லட்சத்தைச் சுற்றி இருந்த நிகரக் குடியேற்றம் 2023இல் 9 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. பிறகுதான் வேகமாகக் குறைந்தது. போலந்து, ருமேனியாக்காரர்கள் குறைந்தார்கள். இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்களும் செவிலியரும் பராமரிப்பு ஊழியர்களும் வந்தார்கள். 2021 ஜூலையில் தொடங்கிய, படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு வேலை தேடும் விசாவை நம்பிக் கடன் வாங்கிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில் உண்டு.

தமிழர்களில் இன்னொரு பிரிவைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவதே இல்லை. போரால் ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் என்று போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் பலர், அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் லண்டனுக்கு இடம் மாறினார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி, உறவினர், கோயில், கடை வைக்க ஏற்ற சூழல் என்று பல காரணங்கள். ஹாரோ, ஈஸ்ட்ஹாம், குரோய்டன் பகுதிகளில் டச்சும் ஜெர்மனும் பேசுகிற தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்கள் வந்தது அகதிகளாக அல்ல, ஐரோப்பியக் குடிமக்களாக. அந்தக் கதவு 2020 இறுதியில் மூடியது. ஏற்கனவே வந்திருந்தவர்கள் 2021 ஜூன் 30க்குள் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கையில் அட்டை எதுவும் கிடையாது, எல்லாம் இணையத்தில்தான். பாரீஸின் தமிழ்க் கடைவீதியான லா சப்பலில் இருக்கும் அண்ணன் இப்போது லண்டனில் இருக்கும் தம்பியைப் பார்க்க வரலாம், கூடவே தங்கி கடையில் நிற்க முடியாது.

கறி உணவகக்காரர்கள் கதையும் சேர்த்தி. ஐரோப்பியர் வருகை குறைந்தால் தெற்காசியச் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று அப்போதைய அமைச்சர் பிரீத்தி படேல் போன்றவர்கள் பிரச்சாரம் செய்தார்கள். அதை நம்பி ஆதரித்த வங்கதேச உணவக உரிமையாளர்கள் பிறகு ஏமாந்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். 2021 செப்டம்பரில் லாரி ஓட்டுநர் பற்றாக்குறையால் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நின்றபோது ராணுவம் டாங்கர் ஓட்டியது. வெளிநாட்டு ஓட்டுநர்கள் 5,000 பேருக்குச் சில மாத விசா தருகிறோம் என்று அரசு அறிவித்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்ப வேண்டிய வேலைக்கு யார் வருவார்கள்? வந்தவர்கள் மிகக் கொஞ்சம்.

கைக்கு வந்த அதிகாரம் என்ன செய்தது

சொந்த விதிகளை எழுதும் உரிமை கிடைத்தது, அது நிஜம். பொருளின் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் ஐரோப்பிய 'சிஇ' முத்திரைக்குப் பதிலாகத் தனி பிரிட்டிஷ் முத்திரை கட்டாயம் என்றார்கள். தொழிற்சாலைகள் ஒரே பொருளுக்கு இரண்டு பரிசோதனையா என்று கேட்டன. தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2023 ஆகஸ்டில், பெரும்பாலான பொருள்களுக்கு ஐரோப்பிய முத்திரையையே காலவரையின்றி ஏற்கிறோம் என்று முடித்தார்கள். சட்டப் புத்தகத்தில் மிச்சமிருந்த ஆயிரக்கணக்கான ஐரோப்பிய விதிகள் 2023 முடிவில் தானாகக் காலாவதியாகும் என்று மசோதா கொண்டுவந்தார்கள். எது போனால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. சுமார் 600 மட்டும் நீக்கப்பட்டன. அவற்றிலும் பல ஏற்கனவே செத்த விதிகள். நீல நிறப் பாஸ்போர்ட் வந்தது. அச்சிடும் ஒப்பந்தம் ஐரோப்பிய நிறுவனத்துக்குப் போய், போலந்தில் அச்சாகிறது.

வெளி உலகத்தோடு புது ஒப்பந்தங்கள் வந்தன. ஆஸ்திரேலியாவுடன் செய்தது நீண்டகாலத்தில் பொருளாதாரத்துக்கு 0.08 சதவீதம் சேர்க்கும் என்பது அரசின் சொந்தக் கணக்கு. அந்தப் பேச்சுவார்த்தையின்போது அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ் பதவி போனபின் அது அப்படியொன்றும் நல்ல ஒப்பந்தம் இல்லை என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். பெரியது இந்தியாவுடனானது, 2025 ஜூலை 24 அன்று மோடி, பிரிட்டன் பிரதமர் கீர் ஸ்டார்மர் முன்னிலையில் கையெழுத்தானது. பத்து சதவீதத்தை ஒட்டிய வரி கட்டிப் போட்டியிட்ட திருப்பூர் பின்னலாடைக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பொருளுக்கும் வரி போகிறது. வங்கதேசச் சட்டை வரியில்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனுக்கு இதன் பலன் 0.13 சதவீதம் என்கிறது அரசு. நான்கு சதவீதத்தை இவற்றால் ஈடுகட்ட இன்னும் பல இந்தியாக்கள் வேண்டும்.

படிக்கட்டில் மெதுவாக மேலே

மறுபடி சேர்வது பற்றி 2025 வரை லேபர், கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைகள் பேசத் தயாராக இல்லை, கருத்துக் கணிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியேறியது தவறு என்று சொன்னாலும். நடப்பது துண்டுதுண்டான ஒட்டு வேலை. 2024 ஜனவரியில் ஒன்றியத்தின் ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டத்தில் பிரிட்டன் மறுபடி சேர்ந்தது. 2025 மே 19 அன்று, தெரசா மே தன் சிவப்புக் கோடுகளைப் போட்ட அதே லங்காஸ்டர் ஹவுஸில், ஸ்டார்மர் ஒன்றியத் தலைவர்களோடு உட்கார்ந்து உணவு, தாவரச் சோதனைகளை நீக்கும் ஏற்பாட்டுக்குக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டார். பிரஸ்ஸல்ஸ் உணவு விதியை மாற்றினால் பிரிட்டனும் மாற்ற வேண்டும், அந்த விதிக்கு விளக்கம் சொல்லும் கடைசி அதிகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு, பிரிட்டன் பணமும் கட்ட வேண்டும், ஆனால் ஓட்டு கிடையாது. 2020 ஜனவரியில் வெளியேறும்வரை ஓட்டு இருந்தது.

போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இறக்குமதிச் சோதனைக்காக சுமார் 2.5 கோடி பவுண்ட் செலவில் கட்டிய கட்டடம், அரசு தன் சோதனை முறையை மாற்றிக்கொண்டே இருந்ததால் ஏற்கனவே பாதிக்குமேல் பயனில்லாமல் இருந்தது. உணவு ஏற்பாடு முழுசாக வந்தால் இடிக்கக்கூட வேண்டியிருக்கும் என்று துறைமுகத்துக்காரர்களே சொல்கிறார்கள்.

இதற்கு ஈடாக ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் மீன் பிடிக்கும் அனுமதி 2026இல் முடியாமல் 2038 வரை நீண்டது. ஸ்காட்லாந்தில் படகு வைத்திருக்கிறவர்களின் கூட்டமைப்பு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதே கடற்கரையில் சால்மன் வளர்த்து பிரான்சுக்கு அனுப்புகிறவர்களின் சங்கம், சான்றிதழ் தொல்லை ஒழிகிறதே என்று அதை வரவேற்றது.